ரிவர்ஸ் லைட் எரியுதா, சார்?

ஹெட்லைட் போய்விட்டால் அன்று ராத்திரியே தெரிந்துவிடும். ஹாரன் போய்விட்டால் அண்ணா சாலையில் அரை கிலோமீட்டர் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். வைப்பர் போனால் முதல் மழையில் தெரியும். ஏ.ஸி. போனால் பக்கத்து சீட்டில் இருக்கும் மனைவியே சொல்லிவிடுவார், கொஞ்சம் சத்தமாக!

ரிவர்ஸ் லைட் போனால்?

தெரியாது. பிரேக் லைட் எரியவில்லை என்றால்கூட சிக்னலில் பின்னால் நிற்கும் பைக்காரர் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, பின்னாடி எரியல" என்று சொல்லிவிட்டுப் போவார். ரிவர்ஸ் எடுக்கும்போது உங்கள் பின்னால் யார் இருக்கிறார்கள்? ஒரு சுவர். ஒரு வாட்ச்மேன். அவர் கேட்டைத் திறப்பாரா, உங்கள் விளக்கைப் பார்ப்பாரா? இல்லை என்றால் ஒரு குழந்தை. அது வந்து உங்களிடம் சொல்லாது.

ஆக, மாதக்கணக்கில் அது எரியாமலே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். செகண்ட் ஹாண்டில் முதல் கார் வாங்கியிருக்கும் இளைஞர்களே, உங்களைத்தான் கேட்கிறோம். டயரை உதைத்துப் பார்த்தீர்கள், பானெட்டைத் திறந்து ஏதோ புரிந்த மாதிரி தலையை ஆட்டினீர்கள், பாட்டு கேட்டுப் பார்த்தீர்கள். ரிவர்ஸ் போட்டுவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தீர்களா?

பல பேர் பார்ப்பதில்லை. காரணம், அது சின்ன விஷயம். அதற்குக் காரணமான சாமானோ இன்னும் சின்னது. கட்டை விரல் அளவுக்கு ஒரு சுவிட்ச்!

வெள்ளை என்றால் என்ன அர்த்தம்?

காரின் பின்பக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அங்கே எல்லாம் சிவப்பு. டெயில் லைட் சிவப்பு, பிரேக் லைட் சிவப்பு. இண்டிகேட்டர் மஞ்சள். நம்பர் பிளேட்டைக் காட்டும் குட்டி விளக்கை விட்டுவிட்டால், பின்னால் இருக்கிற ஒரே வெள்ளை விளக்கு ரிவர்ஸ் லைட்தான். உலகம் முழுக்க இதே நிறம்தான்.

சிவப்பு என்றால் "நான் இங்கே இருக்கிறேன்" அல்லது "நிறுத்துகிறேன்" என்று அர்த்தம். வெள்ளை என்றால் "உன்னைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறேன், விலகு!" என்று அர்த்தம். நிற்கிற காருக்கும் பின்னால் வரப்போகிற காருக்கும் வித்தியாசம் சொல்வதற்கு அந்த வெள்ளையை விட்டால் வேறு விளக்கு கிடையாது.

லாரிக்கு ஒரு கிளீனர் இருக்கிறார். பின்னால் இறங்கி நின்று, "வா, வா, வா... ரைட்ல ஒடி... வா... ஹோல்டான்!" என்று பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவார். காருக்கு ஏது கிளீனர்? அந்த வேலையில் பாதியை இந்த விளக்குதான் சம்பளம் வாங்காமல் செய்கிறது.

காலை 8.30 மணிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் லேட். மேனேஜர் முகம் கண்முன் நிற்கிறது. சாவியைப் போட்டு, ஒரு கையில் போனை சார்ஜரில் செருகிக்கொண்டே ரிவர்ஸ் போடுகிறீர்கள். அடுக்குமாடியின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும் பொடிசுகள். கேட் அருகில் கோலம் போட்டுவிட்டு நிமிர்கிற பாட்டி. வெள்ளை விளக்கு பளிச்சென்று எரிந்தால் பாட்டி ஒதுங்குவார். எரியாவிட்டால், "கார் நிற்கிறது" என்று நினைத்துக்கொண்டு மிச்சப் புள்ளியை வைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு தேசத்தையே யோசிக்க வைத்த விபத்து

இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் மூன்று அடிக்கும் குறைவு. பெரும்பாலான கார்களில் பின்கண்ணாடியின் கீழ் விளிம்பு அதைவிட உயரம். அதாவது, குழந்தை பம்பருக்கு அருகே நின்றால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தெரியாது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் 2002-ம் ஆண்டு இப்படித்தான் நடந்தது. வீட்டு வாசலில் காரை ரிவர்ஸ் எடுத்தார் ஒரு தந்தை. கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டுதான் எடுத்தார். பின்னால் வந்து நின்றது அவருடைய இரண்டு வயது மகன். குழந்தை பிழைக்கவில்லை.

அந்தத் தந்தையும், இதே மாதிரி குழந்தைகளைப் பறிகொடுத்த வேறு பெற்றோர்களும் விடாமல் போராடினார்கள். 2008-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு வைக்கப்பட்டது அந்தக் குழந்தையின் பெயர்தான். அதன் விளைவாக 2018 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் பின்பக்கக் காமிரா கட்டாயமானது. 2014-ல் அந்த விதியை வெளியிட்டபோது, ரிவர்ஸ் விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 210 பேர் இறக்கிறார்கள், சுமார் 15,000 பேர் காயமடைகிறார்கள் என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை மதிப்பிட்டிருந்தது. இவற்றில் பல, அவரவர் வீட்டு வாசலிலேயே நடப்பவை என்பதுதான் கொடுமை.

நம் நாட்டிலும் 2019 ஜூலை 1-ம் தேதியிலிருந்து புதுக் கார்களில் ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயமாகிவிட்டது. பின்னால் ஏதாவது இருந்தால் "பீப்... பீப்..." என்று கத்துமே, அதுதான்.

"அப்புறம் என்ன? சென்சார் இருக்கு, காமிரா இருக்கு. லைட் எதுக்கு?" என்கிறீர்களா? அங்கேதான் சூட்சுமம். நீங்கள் ரிவர்ஸ் போட்டிருக்கிறீர்கள் என்று சென்சாருக்கும் காமிராவுக்கும் யார் சொல்வது? கடையில் கொடுத்து மாட்டிய காமிரா என்றால், அதற்கு கரண்ட் எடுப்பதே பெரும்பாலும் ரிவர்ஸ் லைட்டுக்குப் போகிற ஒயரிலிருந்துதான். கம்பெனியே மாட்டிய காமிராவும் அந்த ரிவர்ஸ் சிக்னலை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கும். பல வண்டிகளில் அந்தத் தகவலைக் கொடுப்பது நம்ம சுவிட்ச்தான். அது மண்டையைப் போட்டால் லைட் போச்சு, பீப் போச்சு, காமிரா போச்சு. ராஜா முதல் சேவகன் வரை ஒரே அடியில் அவுட்!

கியர்பாக்ஸுக்குள் ஒரு காலிங் பெல்

இந்தச் சுவிட்ச் வேலை செய்கிற விதம் ரொம்ப எளிது. வீட்டு வாசலில் காலிங் பெல் அழுத்துகிறோம் இல்லையா, அதேதான்.

மேனுவல் கியர் காரில், கியர்பாக்ஸின் உடம்பில் ஒரு போல்ட் மாதிரி இது திருகப்பட்டிருக்கும். அதன் மூக்கில் ஒரு சின்ன பின்னோ குண்டோ உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். வெளிப்பக்கம் இரண்டு ஒயர் கொண்ட ஒரு கனெக்டர். நீங்கள் ரிவர்ஸ் போட்டதும் உள்ளே ஒரு தண்டு நகர்ந்து வந்து அந்த மூக்கை அழுத்தும். உள்ளே இரண்டு தகடுகள் ஒட்டிக்கொள்ளும். கரண்ட் பாயும். பின்னால் விளக்கு எரியும். கியரை எடுத்ததும் ஸ்பிரிங் மூக்கை வெளியே தள்ளும், விளக்கு அணையும்.

1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன மாருதி 800 காலத்து வண்டிகள் முதல் இன்றைய சின்ன மேனுவல் கார்கள் வரை அடிப்படை இதுதான்.

இவ்வளவு எளிய சாமான் ஏன் கெடுகிறது? இருக்கிற இடம் அப்படி. மேலே இன்ஜின் சூடு. கீழே மழைத் தண்ணீரும் சேறும். உள்ளே கியர் ஆயில். நாளாக ஆக ஆயில் கசிந்து உள்ளே போகும், கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறும், மூக்கு தேயும், அதிர்வில் ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும். இவை எதுவும் இல்லை என்றால், பிள்ளையாரின் வாகனம் உங்கள் வாகனத்தின் ஒயரைக் கடித்திருக்கலாம். எலித் தொல்லை இல்லாத பார்க்கிங் எங்கே இருக்கிறது?

குற்றவாளி யார்? ஜெம் கிளிப் துப்பறிகிறது!

விளக்கு எரியவில்லை என்றதும் சுவிட்ச் மேல் பழியைப் போடக் கூடாது. வரிசையாக விசாரிக்க வேண்டும்.

முதல் விசாரணை: சமதளத்தில் வண்டியை நிறுத்தி ஹாண்ட் பிரேக் போடுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் 'ஆன்' வரை திருப்புங்கள். கிளட்சை அழுத்தி ரிவர்ஸ் போடுங்கள். இறங்கிப் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் விளக்கு இருந்து, ஒன்று எரிந்து ஒன்று எரியவில்லை என்றால் சுவிட்ச் நிரபராதி. பல்ப் போயிருக்கும், அல்லது ஹோல்டரில் துரு. பழைய மாடல்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 21 வாட் பல்ப்தான். (சில கார்களில் ஒரு பக்கம்தான் ரிவர்ஸ் லைட்டே இருக்கும். மறுபக்கம் இருப்பது பனிக்கால சிவப்பு விளக்கு. அது எரியவில்லை என்று ஊரைக் கூட்டாதீர்கள்.)

இரண்டாவது விசாரணை: எதுவுமே எரியவில்லையா? பியூஸைப் பாருங்கள். எந்த பியூஸ் என்பது வண்டியோடு வந்த புத்தகத்திலோ பியூஸ் பெட்டியின் மூடியிலோ எழுதியிருக்கும். பல கார்களில் இதே பியூஸிலிருந்து வேறு சில சாமான்களுக்கும் கரண்ட் போகும். அவையும் சேர்ந்து செத்திருந்தால் பியூஸ்தான். மாற்றும்போது அதே ஆம்பியர் போடுங்கள். சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுற்றிச் செருகும் பரம்பரை வைத்தியம் வேண்டாம். பியூஸ் பிழைக்கும், கார் எரியும்! புது பியூஸும் உடனே போனால் எங்கோ ஒயர் உரசுகிறது என்று அர்த்தம். எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

மூன்றாவது விசாரணை: இங்கேதான் ஆபீஸ் மேஜையில் இருக்கும் ஜெம் கிளிப் ஹீரோவாகிறது. மேனுவல் வண்டியில், சுவிட்சிலிருந்து இரண்டு ஒயர் கனெக்டரைக் கழற்றுங்கள். வண்டிப் பக்கம் இருக்கும் கனெக்டரின் இரண்டு ஓட்டைகளையும் ஜெம் கிளிப்பை நிமிர்த்திச் சில நொடிகள் இணையுங்கள். சாவி 'ஆன்' நிலையில் இருக்கட்டும். பின்னால் நிற்கும் நண்பர் "எரியுது!" என்று கத்தினால் பல்ப், பியூஸ், ஒயர் எல்லாம் யோக்கியம். குற்றவாளி சுவிட்ச்தான். அப்போதும் எரியவில்லை என்றால் சுவிட்சை மாற்றுவது தண்டச் செலவு. கோளாறு ஒயரில்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஜெம் கிளிப் வித்தை இரண்டே ஒயர் வருகிற சாதாரண மேனுவல் வண்டிகளுக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் வழியாக விளக்கை எரிய விடும் புது வண்டிகளிலும், ஐந்தாறு ஒயர்கள் கற்றையாக வரும் ஆட்டோமேடிக் வண்டிகளிலும் கிளிப்பைச் செருகி விளையாடாதீர்கள். சின்ன சுவிட்சைக் காப்பாற்றப் போய்ப் பெரிய கம்ப்யூட்டரைக் கொன்றுவிடுவீர்கள்.

சுவிட்சையே நேராகச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். கழற்றிய சுவிட்சின் மூக்கை விரலால் அழுத்தினால் மீட்டர் 'பீப்' என்று சொல்ல வேண்டும். விட்டால் வாயை மூட வேண்டும். அழுத்தியும் பேசாவிட்டால் செத்துவிட்டது. விட்ட பிறகும் பேசிக்கொண்டே இருந்தால் ஒட்டிக்கொண்டுவிட்டது. ரெண்டுமே ஆபத்து.

மாற்றுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய பனியன் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆறியிருக்கட்டும். ஹாண்ட் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல், சாவி கையில், பேட்டரியின் மைனஸ் ஒயர் கழற்றியாச்சு. இத்தனையும் முடிந்த பிறகுதான் ஸ்பேனர்.

சில வண்டிகளில் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் டப்பாவையோ பேட்டரியையோ எடுத்தாலே சுவிட்ச் கைக்கு எட்டும். சிலவற்றில் அடியிலிருந்துதான் முடியும். அடியில் போவதாக இருந்தால் வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்டு இல்லை என்றால் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். முந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க முதுகெலும்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

சுவிட்சைச் சுற்றி இருக்கும் மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் துடைத்துவிடுங்கள். கழற்றியதும் அந்த மண் உள்ளே விழுந்தால் கியர்பாக்ஸ் உங்களை மன்னிக்காது. கனெக்டரின் பூட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் ஒயர் மட்டும் கையோடு வரும்!

சுவிட்சின் தலைக்குச் சரியான அளவு ரிங் ஸ்பேனர் அல்லது ஆழமான பாக்ஸ் ஸ்பேனர் போட்டு இடப்பக்கமாகத் திருப்புங்கள். கட்டிங் பிளேயரை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். கடைசி மரை கழலும்போது மெதுவாக. சில கியர்பாக்ஸ்களில் சுவிட்சுக்குப் பின்னால் தனியாக ஒரு பின்னோ குண்டோ இருக்கும். அது சுவிட்சோடு வெளியே வந்து உருண்டு ஓடிவிடலாம். எங்கே இருந்தது, எந்தப் பக்கமாக இருந்தது என்று பார்த்துப் பத்திரப்படுத்துங்கள். கொஞ்சம் கியர் ஆயில் ஒழுகலாம். கீழே ஒரு பழைய தட்டு, கையில் புது சுவிட்ச், இரண்டும் தயாராக இருக்கட்டும்.

பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரை ஒன்றா? மூக்கு நீளம் ஒன்றா? கனெக்டர் ஒன்றா? மூக்கு ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால்கூட தண்டு அதை எட்டாமல் போகலாம். விளக்கு எரியாது. பிறகு உலகத்தையே சந்தேகப்படுவீர்கள்.

வாஷர் புதுசு போடுங்கள். பழைய வாஷர் நசுங்கியிருக்கும், ஆயில் கசியும். புது சுவிட்சை முதல் இரண்டு மூன்று சுற்று கையாலேயே திருகுங்கள். கியர்பாக்ஸின் உடம்பு பெரும்பாலும் அலுமினியம். கோணலாக ஏற்றி பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். அதற்கப்புறம் வரும் பில்லைப் பார்த்தால் நமக்கும் மரை கழன்றுவிடும். கடைசியில் ஸ்பேனரால் அளவாக ஒரு இறுக்கு. எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற கணக்கு வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

கனெக்டரை 'க்ளிக்' என்ற சத்தம் கேட்கும் வரை செருகுங்கள். பேட்டரியை மாட்டுங்கள். சாவி 'ஆன்', ரிவர்ஸ். எரிகிறதா? கியரை எடுங்கள். அணைகிறதா? இரண்டாவது கேள்வியும் முக்கியம். ஆயில் நிறைய ஒழுகியிருந்தால் அளவைப் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள். ரெண்டு நாள் கழித்து அந்த இடத்தில் ஈரம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். அவ்வளவுதான் வேலை.

ஆட்டோமேடிக் என்றால் கதை வேறு

கிளட்ச் இல்லாத ஆட்டோமேடிக் காரில் பி, ஆர், என், டி என்று எழுத்துகள் இருக்கும். பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ். இங்கே லீவர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று கவனிக்கத் தனி சுவிட்ச் உண்டு. கியர்பாக்ஸின் வெளிப்பக்கம், லீவரோடு சேர்ந்து திரும்பும் தண்டில் மாட்டியிருக்கும்.

இவர் சாதாரண ஆள் இல்லை. ஒரே சம்பளத்தில் மூன்று உத்தியோகம். லீவர் 'ஆர்'-க்கு வந்ததும் வெள்ளை விளக்கை எரிய விடுவார். டாஷ்போர்டில் எழுத்தைக் காட்டச் சொல்லி கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, 'பி' அல்லது 'என்'-ல் இருந்தால்தான் இன்ஜினை ஸ்டார்ட் ஆக விடுவார். டிரைவில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகி வண்டி சுவரில் பாயாமல் தடுக்கிற காவல்காரர் இவர்தான்.

இவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அறிகுறிகள் விசித்திரமாக இருக்கும். 'பி'-ல் ஸ்டார்ட் ஆகாது, 'என்'-ல் ஸ்டார்ட் ஆகும். லீவர் டிரைவில் இருக்கும், டாஷ்போர்டில் எழுத்தே இருக்காது. ரிவர்ஸ் லைட் கண்ணாமூச்சி காட்டும். பேட்டரி போச்சு, ஸ்டார்ட்டர் போச்சு என்று செலவழிப்பதற்கு முன், லீவரை 'என்'-க்குக் கொண்டுபோய் ஒருமுறை முயன்று பாருங்கள். ஸ்டார்ட் ஆனால், இந்த சுவிட்சையும் லீவர் கேபிளையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இதை மாற்றுவதில் கழற்றி மாட்டுவது பெரிய விஷயம் இல்லை. நேர்படுத்துவதுதான் விஷயம். பொதுவாக லீவரை 'என்'-ல் வைத்து, சுவிட்சில் இருக்கும் கோட்டையும் தண்டின் அடையாளத்தையும் ஒன்று சேர்த்து, அல்லது அதற்கென இருக்கும் துளையில் கம்பி செருகிப் பார்த்து, பிறகுதான் போல்ட்டை இறுக்குவார்கள். சற்றே விலகியிருந்தாலும் 'என்' என்று நினைத்து இவர் 'டி'-யைச் சொல்லிவிடுவார். முடிந்ததும் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, ஹாண்ட் பிரேக்கும் போட்டு, எதிரில் யாரும் இல்லாத இடத்தில் ஒவ்வொரு எழுத்திலும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். பி, என் தவிர வேறு எதில் ஸ்டார்ட் ஆனாலும் வண்டியை எடுக்காதீர்கள். இது அனுபவம் உள்ள மெக்கானிக்குக்கு உரிய வேலை. கிளட்ச் பெடல் இல்லாத ஏ.எம்.டி. வண்டி என்றால் ஸ்கேனர் உள்ள ஒர்க்ஷாப்தான் சரி.

"டைரக்ட் குடுத்துடலாம் சார்!"

இப்போது ஒர்க்ஷாப்புக்கு வருவோம். நல்ல மெக்கானிக்குகள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஓர் இடத்தில் இப்படியும் ஒரு உரையாடல் நடக்கலாம்.

"அண்ணே, ரிவர்ஸ் லைட் எரியல."

"ஒயரிங் போயிருக்கும் சார். ஃபுல்லா மாத்திடலாமா?"

"சுவிட்ச் செக் பண்ணீங்களாண்ணே?"

"அது கியர்பாக்ஸ்ல இருக்கு சார். இறக்கணும். எதுக்கு சார் வம்பு? டாஷ்போர்டுல தனியா ஒரு சுவிட்ச் வெச்சு டைரக்ட் குடுத்துடறேன். தேவைப்பட்டா போட்டுக்குங்க, இல்லைன்னா ஆஃப் பண்ணிடுங்க."

கேட்க நன்றாகத்தான் இருக்கும். நூறு ரூபாயில் பிரச்னை தீர்ந்தது! ஆனால் நடப்பது என்ன? ரிவர்ஸ் எடுக்கும் அவசரத்தில் சுவிட்சைப் போட மறப்பீர்கள். போட்டால் அணைக்க மறப்பீர்கள். தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் பின்னால் இரண்டு வெள்ளை விளக்கு எரிய முன்பக்கமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஒரு தரம் பொய் சொன்ன விளக்கை அடுத்த தரம் யார் நம்புவார்கள்? ஆட்டோமேடிக்கில் இந்த 'டைரக்ட்' இன்னும் பயங்கரம். காவல்காரரையே வேலையை விட்டு அனுப்புகிற மாதிரி.

எனவே மெக்கானிக்கிடம் பக்குவமாக, "எது போயிருக்குன்னு டெஸ்ட் லாம்ப் வெச்சுக் காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். "பழைய சாமானை என்கிட்டே குடுத்துடுங்க" என்றும் சொல்லிவையுங்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கே பாதி பில் குறையும்.

சாமான் நீங்களே வாங்குவதானால் சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது. பழைய சுவிட்சையும், வண்டியின் மாடல், வருடத்தையும் கையோடு கொண்டுபோங்கள். சாதாரண சின்ன கார்களுக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆட்டோமேடிக் சுவிட்ச் விலை ஆயிரக்கணக்கில் போகலாம். மற்ற சாமானுக்குப் புதுப்பேட்டையில் பழசு தேடலாம், தப்பில்லை. இந்த சுவிட்சில் மட்டும் பழசு வேண்டாம். ஏற்கெனவே ஒரு வண்டியில் தேய்ந்த மூக்கு உங்கள் வண்டியில் வளரப் போவதில்லை.

பாட்டுப் பாடும் பம்பர்

ரிவர்ஸ் போட்டதும் பக்திப் பாட்டோ சினிமாப் பாட்டோ அலறுகிற கார்களைத் தெருவில் கேட்டிருப்பீர்கள். பகலில் பரவாயில்லை. நள்ளிரவு செகண்ட் ஷோ முடிந்து வந்து பார்க் பண்ணும்போது தெருவே எழுந்து உட்காரும். இந்தச் சங்கீதத்துக்கும் கரண்ட் பெரும்பாலும் அதே ரிவர்ஸ் ஒயரிலிருந்துதான். 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி, பல சுரங்களில் ஒலிக்கும் ஹாரன்களையும், காதைக் கிழிக்கிற, திடுக்கிட வைக்கிற ஒலிக்கருவிகளையும் கூடாது என்கிறது. சிம்பிளாக ஒரு 'பீப்' போதும் சார். கச்சேரிக்குச் சபாக்கள் இருக்கின்றன.

சரி, விளக்கு பளிச்சென்று எரிகிறது. பீப் அடிக்கிறது. காமிராவும் தெரிகிறது. இனி கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கலாமா?

கூடாது. விளக்கு எச்சரிக்கும். ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த வெள்ளையின் அர்த்தம் தெரியாது. அது பந்தைத்தான் பார்க்கும். அதனால், காரில் ஏறுவதற்கு முன் ஒரு தரம் வண்டியைச் சுற்றி வாருங்கள். பத்து நொடி வேலை. கோயிலில் பிரகாரம் சுற்ற நேரம் இருக்கிறது, காருக்கு இல்லையா? வீட்டில் குழந்தைகள் இருந்தால், அவர்கள் யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கியரைப் போடுங்கள். எடுக்கும்போது மெதுவாக, நடந்து போகிற வேகத்துக்கும் குறைவாக.

மாதம் ஒரு தரம் விளக்கையும் பாருங்கள். சம்பளம் வந்த அன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. உதவிக்கு ஆள் இல்லையா? சாயங்காலம் ஒரு சுவருக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்தி ரிவர்ஸ் போட்டுக் கண்ணாடியில் பாருங்கள். சுவர் வெளுத்தால் பாஸ்.

ஆள் இருந்தால் இன்னும் வசதி. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிற்க வைத்து, "எரியுதா சார்?" என்று கேளுங்கள்.

புதுக் காராக இருந்தால் மட்டும், "எது எரியுது?" என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். லைட்டா, வயிறா என்று தெரிய வேண்டாமா!